இமையோரத்துக் கிருமி

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஒருவருக்குக் கண்ணுக்குள் சீழ் பிடித்துவிட்டால், ‘ஆஸ்பத்திரி சுத்தமில்லை’ என்றுதான் ஊரில் முதல் பேச்சு எழும். ஒரே நாளில் பத்துப் பேருக்கு வந்தால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. எப்போதோ ஒருவருக்கு, தனியாக வரும் தொற்றின் கதை வேறு. அந்தக் கிருமி பெரும்பாலும் நோயாளியின் இமையோரத்திலிருந்தும் இமை முடியிலிருந்தும் வருகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று பெயர். உங்கள் தோலிலும் என் தோலிலும் இப்போதே இருக்கிறது. அங்கே இருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. கண்ணுக்குள், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் போன்ற பகுதிக்குள் போய்விட்டால்தான் ஆபத்து. அங்கே ரத்தக் குழாய் இல்லை. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் வந்து சேரத் தாமதமாகும். விழுங்கிய மாத்திரையும் போதிய அளவுக்குப் போய்ச் சேராது. சில நாளிலேயே கண் கெட்டுவிடலாம்.

தென்மாவட்டம் ஒன்றில், முகாம் நோயாளிகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்யும் கண் மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டராக வேலை பார்த்தவள் நான். பிளஸ் டூ முடித்ததும் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். டாக்டர் லென்ஸ் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. தொற்று வராமல் இருக்க அதற்கு முன்னும் பின்னும் செய்கிற காரியங்கள் நோயாளிக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சொட்டு மருந்தையும் மாத்திரையையும்தான் அவர்கள் மருந்து என்று நம்புகிறார்கள். அவற்றைவிடப் பல மடங்கு முக்கியமானவை ஆபரேஷன் மேஜையிலேயே முடிந்துவிடுகின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வேலை தியேட்டருக்கு வெளியிலேயே தொடங்கிவிடும். கண்ணின் மூக்கோர முனையில், இமை விளிம்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாக ஒரு பைக்குள் இறங்கி மூக்குக்குப் போகும். அந்தத் துளையில் முனை மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாயை வைத்து உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்துவோம். “தொண்டையில உப்புக் கரிக்குதா பாட்டி?” என்று கேட்போம். “ஆமா தாயி, கரிக்குது” என்று முகத்தைச் சுளித்தால் எங்களுக்கு நிம்மதி, வழி திறந்திருக்கிறது. தண்ணீர் திரும்பி மேலே வந்தால் அடைப்பு. அதோடு சீழும் சளியுமாக வந்தால் அந்தக் கண்ணுக்கு அன்றைக்குப் புரை ஆபரேஷன் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்திலேயே கிருமிக் கிடங்கை வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்க முடியாது. முதலில் அந்தப் பைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இதை நோயாளியிடம் சொல்வதுதான் சிரமம். முகாம் பஸ்ஸில் ஊரே சேர்ந்து வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் கட்டோடு திரும்புவாள், இவர் மட்டும் சும்மா திரும்ப வேண்டும். “எனக்கு மட்டும் ஏன் செய்ய மாட்டேங்கிறீக?” என்று அழுத பெரியவர்கள் உண்டு. முகாமுக்கு ஏற்பாடு செய்த உள்ளூர்ப் பிரமுகர் போனில் சத்தம் போடுவார். அதற்கெல்லாம் இளகக்கூடாது என்று பயிற்சிப் பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகச் சொல்வேன். திருப்பி அனுப்பிய கண் மூன்று மாதம் கழித்து நல்லபடியாக ஆபரேஷனுக்கு வரும். கெட்ட கண் திரும்பி வராது. சர்க்கரை கூடுதலாக இருப்பவர்களுக்கும், இமையோரத்தில் பொருக்குத் தட்டிச் சிவந்திருப்பவர்களுக்கும் இதே கண்டிப்புத்தான்.

தியேட்டருக்குள் முதல் காவல் பொவிடோன் அயோடின். பெட்டாடின் என்றால் எல்லோருக்கும் புரியும். 1991இல் நியூயார்க்கில் ஸ்பீக்கர், மெனிகாஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில தியேட்டர்களில் ஆபரேஷனுக்கு முன் 5 சதவீத பொவிடோன் அயோடின் சொட்டு, சில தியேட்டர்களில் அதுவரை வழக்கத்தில் இருந்த வெள்ளி கலந்த மருந்து. அயோடின் விட்ட இடத்தில் தொற்று 0.06 சதவீதம், மற்ற இடத்தில் 0.24. நான்கில் ஒரு பங்காகிவிட்டது. அயோடினுக்கு விலையும் குறைவு. ஆன்டிபயாட்டிக்குப் பழகித் தப்பிக்கிற கிருமிகள் அயோடினுக்குப் பழகிக்கொண்டதாக இதுவரை பெரிய புகார் எழவில்லை. என் வேலையில் எனக்குப் பிடித்த மருந்து எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதை விடுகிற விதம் தெரிய வேண்டும். பெட்டாடினில் சொல்யூஷன் என்று ஒன்று, ஸ்க்ரப் என்று ஒன்று. இரண்டும் ஒரே பழுப்பு நிறம், பாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஸ்க்ரப்பில் சோப்பு கலந்திருக்கிறது. அது நாம் கை கழுவுவதற்கு. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். ஊற்றியதும் நுரைத்தால் ஸ்க்ரப். அதனால் அந்த பாட்டில் கண் மேஜை இருக்கும் அறைக்குள்ளேயே வரக்கூடாது என்பது எங்கள் விதி. கை கழுவும் தொட்டியோடு அதன் எல்லை முடிந்தது. கடையில் 10 சதவீத சொல்யூஷன் கிடைக்கும். கண்ணுக்கு 5 சதவீதமே வேண்டும். முன்பெல்லாம் காலையில் நாங்களே சலைன் சேர்த்துப் பாதியாக்கி வைப்போம். இப்போது கண்ணுக்கென்றே 5 சதவீதத்தில் தயாராக வருகிறது. இன்னொன்றும் உண்டு. மரத்துப்போக வைக்கும் ஜெல்லை முதலில் தடவிவிட்டு அதன்மேல் அயோடினை விட்டால் ஜெல் கண்ணின்மேல் படலமாக நின்றுகொள்ளும், அயோடின் கிருமியைத் தொடாது. அயோடின் முதலில், ஜெல் பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டும் செய்தது போலத்தான் ஏட்டில் இருக்கும்; காவல் மட்டும் இருக்காது.

அயோடின் விட்ட பிறகு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. வரிசையாக மேஜைகள், வராண்டாவில் ஒரு வரிசை ஆட்கள், டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறார்; அந்த மூன்று நிமிடம் மிக நீளமாகத் தெரியும். எத்தனையோ நாள் “மூணு நிமிஷம் ஆகலை சார்” என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சிஸ்டர் டாக்டரை நிறுத்துவது எங்கள் காலத்தில் லேசான காரியமில்லை. நல்ல டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். ஏனென்றால் அவர்கள் நின்றதைப் பார்த்துத்தான் புதிய டாக்டர்கள் நிற்கப் பழகினார்கள்.

இமை முடியை வெட்டுவது ஒரு காலத்தில் கட்டாயம். கத்தரியில் வாசலினைத் தடவி, வெட்டிய முடி ஒட்டிக்கொள்ளும்படி வெட்டுவோம். அதனால் கிருமி குறைவதில்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டோம். இப்போது ஒட்டும் பிளாஸ்டிக் ட்ரேப்பை இமைமேல் விரித்து, நடுவில் கிழித்து, அந்த விளிம்பை இமை முடியையும் சேர்த்து உள்பக்கமாக மடக்கி கிளிப் போடுகிறோம். ஒரு முடிகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. கருவி உள்ளே போகும்போது அந்த ஒற்றை முடியில் உரசிவிட்டுப் போனால், இத்தனை பாடும் வீண்.

இவ்வளவு செய்தும் இமையோரம் முழுக்கக் கிருமி இல்லாமல் ஆகிவிடாது. குறையும், அவ்வளவுதான். ஆபரேஷன் நடக்கும்போதே சில கிருமிகள் கண்ணுக்குள் போகத்தான் செய்கின்றன. பெரும்பாலான கண்கள் அவற்றைத் தாமே ஒழித்துவிடும். கண்ணின் முன்னறையில் இருக்கும் நீர் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முழுக்க மாறிவிடும். கிருமியையும் அடித்துக்கொண்டு போய்விடும். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பை ஆபரேஷனில் கிழிந்துபோனால்தான் நிலைமை மோசம். விட்ரியஸுக்குக் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கண்ணில் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு.

ஆபரேஷன் முடிந்த பிறகும் சில மணி நேரம் கண் பாதுகாப்பில்லாமல்தான் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருவிழியைச் சுற்றி அரைவட்டத்துக்கு வெட்டித் தையல் போடுவார்கள்; சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். 1992இல் மதுரையில் அரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி லென்ஸ் விலை இறங்கிய பிறகு ஏழை பாழைகளுக்கும் கண்ணுக்குள் லென்ஸ் வந்தது. பிறகு தையலே இல்லாத ஆபரேஷன் வந்தது. அதில் எஸ்.ஐ.சி.எஸ். என்ற முறையில் ஆறேழு மில்லிமீட்டர் துவாரம், பாக்கோ என்ற முறையில் மூன்றுக்கும் குறைவு. கண்ணின் உள்ளழுத்தமே அந்தத் துவாரத்தின் இரண்டு உதடுகளையும் சேர்த்து அழுத்தி மூடிக்கொள்ளும். அந்த அழுத்தம் முதல் சில மணி நேரத்தில் குறைந்துவிட்டாலோ, நோயாளி கண்ணைக் கசக்கிவிட்டாலோ உதடு லேசாகப் பிரிந்து, வெளியே நிற்கும் கண்ணீரைக் கண் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கண்ணீரில் இருக்கிறது இமையோரத்துக் கிருமி.

இதற்கு எதிராகப் பழைய நாளில் நாங்கள் செய்தது, கடைசியில் வெள்ளை விழித் தோலுக்கடியில் ஜென்டமைசின் ஊசி. கண் வெளியே உப்பிக்கொண்டு சிவந்து நிற்கும். நோயாளிக்கு அது பிடிக்கும், ஊசி போட்டார்கள் என்று திருப்தி. மருந்தோ கண்ணுக்கு வெளியே நின்றது, கிருமி உள்ளே இருந்தது. அந்த மருந்து தவறிப்போய்க் கண்ணுக்குள் இறங்கினால் விழித்திரையின் நடுப்பகுதியைக் கருக்கிவிடும் என்ற பயமும் எங்களுக்கு எப்போதும் இருந்தது.

சரியான மருந்தை, சரியான அளவில், நேராகக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டு மூடினால் என்ன? ஸ்வீடன் டாக்டர்கள் 1990களிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். ஆபரேஷன் முடிவில் செஃபுராக்சிம் ஒரு மில்லிகிராம், பத்தில் ஒரு மில்லி நீரில் கலந்து முன்னறைக்குள். பலன் தெரிந்ததும் ஐரோப்பியக் கண்புரை மருத்துவர் சங்கம் ஒன்பது நாடுகளில் 16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துச் சோதித்தது. 2003இல் தொடங்கிய ஆய்வை 2006 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து வைக்காத கண்களில் தொற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு. அது தெரிந்த பிறகும் பாதிப் பேருக்கு மருந்து வைக்காமல் இருப்பது தர்மமில்லை.

எங்கள் டாக்டர்கள் இந்த ஆய்வைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கவலையாக இருந்தது. செஃபுராக்சிம் தூளாக வரும். ஒரு குப்பித் தூளை ஒரு முறை கரைத்து, அதில் கொஞ்சம் எடுத்து மறுபடி கரைத்து, கண்ணுக்குரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யப்போவது சிஸ்டர்கள். காலை ஆறரைக்கு, அன்றைய ஆபரேஷன் பட்டியல் தலைக்குமேல் தொங்கும்போது கணக்கு ஒரு சைபர் தவறினால்? வெளிநாடுகளில் அப்படி அளவு தவறி விழித்திரை வீங்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. போதாக்குறைக்குப் பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கிராமத்துப் பெரியவரிடம் ‘பென்சிலின் சேருமா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

வழி மதுரையிலேயே கிடைத்தது. மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தை அரோலேப் கண்ணுக்குள் வைப்பதற்கென்றே, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் எதுவும் இல்லாமல், 0.5 சதவீதத்தில் கரைசலாகவே கொண்டுவந்தது. எந்தக் கலவையும் வேண்டாம். பத்தில் ஒரு மில்லி எடுத்தால் 500 மைக்ரோகிராம். அரவிந்த் கண் மருத்துவமனையில் 2014 முதல் படிப்படியாக எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். டாக்டர் ஹரிப்பிரியா அரவிந்த், டேவிட் சாங், ரவீந்திரன் மூவரும் 2017இல் வெளியிட்ட கணக்கில் பத்து அரவிந்த் மருத்துவமனைகளின் ஆறு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் இருந்தன. மருந்து இல்லாதபோது தொற்று 0.07 சதவீதம், மருந்து வைத்தபோது 0.02. பை கிழிந்த கண்களிலும் பாதிக்கும் கீழே இறங்கியது. 2019இல் ஏறக்குறைய இருபது லட்சம் கண்களின் கணக்கு வந்தது, அதுவும் இதையே சொன்னது.

இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வில்லை, முன்பு இப்படி, பின்பு இப்படி என்ற ஒப்பீடுதானே என்று சில பெரிய டாக்டர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே தியேட்டர், அதே அயோடின், அதே ஜனங்கள். இத்தனை லட்சம் கண்களில் இப்படி இறங்குவதை நான் வெறும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்தாயிரம் பேருக்கு ஏழு என்பது இரண்டாகியிருக்கிறது. தாளில் பார்த்தால் சின்ன எண். இந்தியாவில் ஆண்டுக்கு அறுபது லட்சத்துக்கும் மேல் புரை ஆபரேஷன் நடக்கிறது. பத்தாயிரத்துக்கு ஐந்து கண் என்று போட்டுப் பாருங்கள், மூவாயிரம் கண்.

எங்கள் தியேட்டருக்கும் மாக்ஸி வந்தது. டாக்டர் லென்ஸை உட்கார வைத்து, உள்ளே விட்ட கூழ் மருந்தை முழுக்கக் கழுவி எடுத்ததும், “மாக்ஸி” என்பார். நான் குப்பியின் மருந்துப் பெயரையும் காலாவதி மாதத்தையும் வாய்விட்டுப் படிப்பேன். ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, காற்றை வெளியேற்றி, முனையில் 30 கேஜ் கேனுலாவை மாட்டி, திருகி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையில் கொடுப்பேன். கேனுலா சரியாக மாட்டாமல் அழுத்தினால் அம்புபோல் கண்ணுக்குள் பாய்ந்துவிடும், அதனால்தான் அந்தத் திருகல். சிரிஞ்சில் பெயர் ஒட்டாமல் ட்ரேயில் எதுவும் இருக்கக்கூடாது. மரத்துப்போக வைக்கும் மருந்து, பாப்பாவை விரிக்கும் மருந்து, மாக்ஸி எல்லாமே சிரிஞ்சுக்குள் ஏறிவிட்டால் பார்வைக்குத் தண்ணீர்தான். பக்கத் துவாரம் வழியாக மருந்து உள்ளே போகும். பிறகு துவாரத்தின் விளிம்பில் நீரேற்றி உப்ப வைத்து, ஸ்பாஞ்சால் தொட்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பார். ஒழுகாத துவாரமும் ஒரு மருந்துதான். “மாக்ஸி கொடுத்தாச்சு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கேஸ் ஷீட்டில் டிக் விழும். சொல்லாமல் டிக் போடும் பிள்ளையை அந்த இடத்திலேயே நிறுத்துவேன்.

ஒரு குப்பி ஒரு கண்ணுக்கு. இதில் எனக்குப் பேரமே கிடையாது. ஒரு மில்லி குப்பியில் பத்தில் ஒன்றுதானே செலவாகிறது, மிச்சத்தைக் கொட்டுவது அநியாயமில்லையா என்று கேட்பார்கள். சிக்கனமாக வளர்ந்தவர்களுக்கு மனம் கேட்காது, எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரே குப்பியில் திரும்பத் திரும்ப ஊசி குத்தினால் ஏதாவது ஒரு குத்தில் கிருமி உள்ளே போகும், அதன் பிறகு அந்தக் குப்பி தொட்ட அத்தனை கண்ணுக்கும் போகும். ஒரே நாளில் பலருக்கு வரும் தொற்று இப்படிப் பல கண்ணுக்கும் பொதுவான ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. கெட்டுப்போன நீர்மம், ஆட்டோகிளேவில் சரியாக வேகாத கருவி, கழுவாமல் விட்ட குழாய் என்று மூலம் எதுவாகவும் இருக்கலாம். 2008இல் விழுப்புரம் மாவட்ட முகாம் ஒன்றிலிருந்து அழைத்துச் சென்று ஆபரேஷன் செய்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வை இழந்த செய்தி வந்தபோது, எங்கள் தியேட்டரில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட கூட்டத் தொற்றுகளில் அடிக்கடி பிடிபடுவது சூடோமோனாஸ் என்ற கிருமி. அது தண்ணீரில் வாழ்வது; பல ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்து நிற்கும். மாக்ஸி வைத்திருக்கிறோமே என்ற தைரியம் அதனிடம் செல்லாது. ஆட்டோகிளேவின் இண்டிகேட்டர் பட்டை நிறம் மாறியதா என்று பார்க்காமல் ட்ரே திறக்கிற கைக்கு எந்தக் குப்பியும் துணை வராது.

கூடுதல் சக்தியுள்ள மருந்தை வைத்தால் கூடுதல் காவல் என்றும் இல்லை. அமெரிக்காவில் சிலர் வான்கோமைசினைக் கண்ணுக்குள் வைத்து வந்தார்கள். கிருமிகளை நன்றாகக் கொல்லும் மருந்து அது. ஆனால் வெகு சிலருக்கு, ஆபரேஷன் நன்றாக முடிந்து சில நாள் கழித்து, வலியே இல்லாமல் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் அடைத்து ரத்தம் கசிந்து பார்வை போயிற்று. 2017இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. அதே வான்கோமைசின் தொற்று வந்துவிட்ட கண்ணைக் காப்பாற்ற இன்றும் தேவைப்படுகிறது. காவலுக்கு ஒரு மருந்து, சண்டைக்கு ஒரு மருந்து.

அந்தச் சண்டையைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். மாக்ஸி வருவதற்கு முந்தைய காலம். கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி. ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டுப் பிரித்தபோது என் விரல்களை எண்ணிச் சொல்லிவிட்டுச் சிரித்தவர். மூன்றாம் நாள் இரவு வலி தொடங்கியிருக்கிறது. ‘ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தானே செய்யும்’ என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். நான்காம் நாள் மகன் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் மத்தியானம் கொண்டுவந்தார்கள். இமை வீங்கி, கண் ரத்தச் சிவப்பு. டார்ச் அடித்தால் கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் மட்டம் கட்டி நின்றது. விரல் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

1995இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இந்த இடத்தில் எங்களுக்கு வழிகாட்டி. வெளிச்சம் மட்டுமே தெரிகிற நிலைக்குப் போன கண்ணில் விட்ரியஸைச் சீழோடு வெட்டி எடுத்துவிடுவது பலன் தரும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்வை இருந்தால் ஊசி மருந்து போதும் என்று அது சொல்லியிருந்தது. பாட்டியை அன்று சாயங்காலமே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். விட்ரியஸில் கொஞ்சம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். வான்கோமைசினையும் செஃப்டாசிடைமையும் நான் தனித்தனி சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றாகக் கலந்தால் திரிந்துவிடும். கல்ச்சரில் வந்தது அந்த இமையோரத்துக் கிருமிதான். சாதுவான கிருமி என்பதால் பாட்டி ஓரளவு தப்பினார். சில வாரத்தில் ஆள் அடையாளம் தெரிந்தது, ஊசியில் நூல் கோக்கிற பார்வை வரவில்லை. மூர்க்கமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருந்திருந்தால் அதுவும் இல்லை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது மகன் அந்தச் சொட்டு மருந்து பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் வீட்டுச் சொட்டு மருந்தை அளவுக்கு மேல் நம்பாதீர்கள் என்று சொல்கிறேன்; நோயாளிகளுக்கு வருத்தமாக இருக்கும். கண்ணுக்குள் மருந்து வைத்த பிறகு, மேலுக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டும் விடுவதால் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்று ஸ்வீடன் தேசியப் பதிவேட்டின் பெரிய கணக்கே சொல்கிறது. விட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் எழுதியதை எழுதிய நாள்வரை விட வேண்டும். அழற்சியைக் குறைக்கிற ஸ்டீராய்டு சொட்டு அவசியமானது, அதை இடையில் நிறுத்தவே கூடாது. ஆனால் ‘சொட்டு விடுகிறேனே, எனக்கு எப்படி சீழ் பிடிக்கும்’ என்று வலியைப் பொறுத்துக்கொள்வது கூடாது. கழுவாத கையால், பாட்டில் மூக்கு இமையில் இடிக்க விடுகிற சொட்டு கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கத்தரிக்காய் சாப்பிடலாமா, புளி சேர்க்கலாமா என்று கேட்பவர்களிடம் எல்லாம் சாப்பிடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் விடாதீர்கள் என்பேன். பத்தியத்தைச் சிரத்தையாகக் கேட்டுக்கொள்கிற அளவுக்கு, ‘வலி வந்தா உடனே வாங்க’ என்பதை அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. இது எனக்குத் தீராத ஆதங்கம்.

ஆகையால் நாங்களே போன் செய்கிறோம். தொற்று பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தலைகாட்டும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் எங்கள் பிள்ளைகள் பட்டியலை வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். தொடக்கத்தில் “எப்படி இருக்கீங்க பாட்டி?” என்று கேட்டார்கள். “நல்லா இருக்கேன் தாயி, நீ சாப்பிட்டியா?” என்று பதில் வரும். நம் பெரியவர்கள் மருத்துவமனைப் பிள்ளையிடம் குறை சொல்லமாட்டார்கள், அவ்வளவு மரியாதை. அதனால் கேள்வியை மாற்றச் சொன்னேன். ராத்திரி கண் வலியில் முழிப்பு வந்ததா? நேற்று தெரிந்த வாசல் கதவு, காலண்டர் தேதி, இன்றைக்கும் அதே மாதிரி தெரிகிறதா, மங்கியிருக்கிறதா? நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்துச் சொல்லுங்கள் என்று லைனிலேயே காத்திருக்க வேண்டும். பிறகு போனை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லி, கண் நேற்றைவிடச் சிவப்பாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்றில் எதற்கு ‘ஆமாம்’ என்றாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்பி வரச் சொல்ல வேண்டும். பஸ் இல்லையென்றால் முகாம் வண்டியை அனுப்புகிறோம். அந்த வண்டி பல தடவை ஒன்றுமில்லாத கண்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. டீசல் செலவைப் பற்றி நிர்வாகத்தில் கேட்டபோது, வண்டியை நிறுத்தக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் போகிறது.